வாயைத் திற, வயசைச் சொல்றேன்!

மானுக்கு என்ன வயசு என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் கொம்பைத்தான் பார்ப்போம். "கிளையை எண்ணு மாப்ளே... மூணு. அப்ப மூணு வயசு!" கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போய்வந்த நண்பர் ஒருவர், நெய்வேலியில் எங்கள் வட்டத்து டீக்கடையில் இப்படித்தான் அடித்துவிட்டார்.

சுத்தப் பேத்தல். மான் கொம்பு, ஆட்டுக் கொம்பு மாதிரி ஆயுசுக்கும் நிற்கிற சமாச்சாரம் இல்லை. விழும், மறுபடி முளைக்கும். வளர்ந்த புள்ளிமானுக்குச் சாதாரணமாக ஒரு கொம்புக்கு மூன்று கிளை. ஐந்து வயசிலும் மூன்றுதான், எட்டு வயசிலும் மூன்றுதான். பெண் மானுக்கோ கொம்பே கிடையாது. அப்போ அதற்கு வயசே ஆகாதா? (ஆகாது என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள், ஸ்ட்ராங்காகக் காபி கிடைக்கும்.)

விஷயம் வாய்க்குள் இருக்கிறது. அமெரிக்காவில் லைசென்ஸ் வாங்கி மான் சுடுகிறார்கள். சுட்டதும் கீழ்த்தாடையைப் பார்க்கிறார்கள். 1949-ல் செவரிங்ஹாஸ் என்ற நியூயார்க் வனவிலங்கு நிபுணர் எழுதிவைத்த கணக்கு அது. வெள்ளைவால் மானின் கடைவாய் வரிசையில் மூன்றாவது பல், பால்பல்லாக இருக்கும்வரை மூன்று பகுப்பாக இருக்கும். ஒன்றரை வயசு சுமாருக்கு அது விழுந்து, இரண்டு பகுப்போடு புதுப் பல் வரும். அதற்கு மேல் தேய்மானக் கணக்குதான். பி.காம். பாஷையில் டிப்ரிஸியேஷன்! ஆனால் மணல் ஒட்டிய புல்லைத் தின்ற மானுக்குப் பல் சீக்கிரம் தேயும் என்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போகும். துல்லியம் வேண்டுமானால் முன்பல்லின் வேரை மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வளையம் எண்ணுகிறார்கள், மரத்துக்கு எண்ணுவது மாதிரியே.

நாம் இதையெல்லாம் முயற்சி பண்ண முடியாது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டில் தானாகச் செத்துக் கிடக்கிற மான்கூட அரசாங்கச் சொத்து. 1998-ல் வெளிமான் வேட்டையாடியதாக சல்மான்கான் மேல் போட்ட கேஸில், 2018-ல்தான் ஜோத்பூர் கோர்ட் ஐந்து வருஷம் தீட்டியது. அப்புறம் அப்பீல், ஜாமீன். இருபது வருஷம்! வெளிமானின் ஆயுசைவிட கேஸின் ஆயுசு கெட்டி.

ஆட்டுக்கு வருவோம். மானுக்கும் ஆட்டுக்கும் வாய் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். போன பக்ரீத்துக்கு முன்னால், ஆபீஸ் பாய் ஒருவரோடு வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனேன். கூடவே புதுசாக வேலையில் சேர்ந்த ஒரு பையனும் வந்தான். ஒரு வருஷம் பூர்த்தியாகாத வெள்ளாடு குர்பானிக்கு ஆகாது. பாய்க்கு அதுதான் கவலை.

கறுப்புக் கிடா ஒன்று தளதளவென்று நின்றது. "பதினாலு மாசம் பாய், நம்ம வீட்டுல பொறந்தது" என்றார் விற்கிறவர். பாய் உதட்டை விலக்கினார். நம்ம பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, மேல் பல்லே இல்லை சார், கிழட்டு ஆடு!" என்று கத்தினான். சந்தையே சிரித்தது.

"தம்பி, ஆட்டுக்கு மேல முன்பல்லு எப்பவுமே கிடையாது. கீழ எட்டு. பொடிப்பொடியா இருந்தா பால்பல்லு. ஒரு வருஷத்துக்கு மேல நடுவுல ரெண்டு விழுந்து, அகலமா ரெண்டு முளைக்கும். அப்புறம் வருஷத்துக்கு ஒரு ஜோடின்னு வச்சுக்க. நாலு வயசு சுமாருக்கு எட்டும் வந்துடும். அதுக்கு மேல தேய்ஞ்சதையும், இடைவெளி விட்டதையும் பார்த்துக் குத்துமதிப்பா சொல்றதுதான்" என்றார் பாய்.

கோடி வருஷப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டி எடுக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கு இது தெரியாது!

கிடாவுக்கு எட்டும் அரிசி மாதிரி இருந்தன. "பல்லு லேட்டாப் போடுற வகை பாய், சத்தியமா!" என்றார் அவர், கண் கலங்காத குறையாக. பொய் என்றும் சொல்லிவிட முடியாது. பதினாலு மாசத்தில் பால்பல் விழாத ஆடுகள் உண்டு. பாய் கொஞ்ச நேரம் யோசித்தார். "உங்களை நம்பலைன்னு இல்லைங்க. ஆனா அங்க பதில் சொல்ல வேண்டியது நான்" என்று மேலே கையைக் காட்டிவிட்டு நகர்ந்தார். நாலு வரிசை தள்ளி, ரெண்டு பல் போட்ட சுமாரான கிடா ஒன்றை, கூடுதல் விலை கொடுத்துப் பிடித்தார்.

வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது பார்த்தால், கறுப்புக் கிடாவின் வாயை பிரியாணிக் கடைக்காரர் ஒருவர் திறந்து வைத்திருந்தார்.

"நல்லாப் பாருங்கண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார் நம்ம ஆள். "ஒரு பல்லு விழலை. ஏழே மாசம். கறி பஞ்சு மாதிரி இருக்கும்!"