லயத்து வாசலில் வேதம்

கிறித்துவ ஊழியத்தை ஆராயப் புகுவோர் பலர், விவிலியத்தையும் பாதிரிமார் சரித்திரத்தையும் புரட்டியதும் பணி முடிந்ததெனக் கருதுகின்றனர். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்குவிலிருந்து பெயர்ப்பட்டியல் நீளும். கொழுந்து பறித்த தமிழர் அதில் இடம்பெறார். இஃது அரை ஆய்வே.

இலங்கை மலையகத்தில் 1854இல் தோன்றிய தமிழ்க் கூலி மிஷனை நோக்குக. காப்பித் தோட்டத் துரைமார் பொருள் ஈந்தனர். தமிழ் உபதேசியார் லயம் லயமாக நடந்தனர். பெயரிலேயே ‘கூலி’ நிற்கின்றது! அறுவடை செய்தோரின் கூலியைப் பிடித்துவைத்த செல்வரை யாக்கோபின் நிருபம், ஐந்தாம் அதிகாரத்தில், கடுமையாகச் சாடுகின்றது. துரையின் பணத்தில் வாழ்ந்த உபதேசியார் அவ்வதிகாரத்தை லயத்து வாசலில் வாசித்தாரா? வாசித்திருப்பின் கேட்டவர் என்ன எண்ணினர்? மிஷன் அறிக்கைகளை மட்டும் நம்புவோர் இவ்வினாவை எழுப்புவதேயில்லை.

கேமரன் மலையிலும் இதையே கேட்டாக வேண்டும். ‘போ’ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கிற்று. மலைத்தோட்டங்களில் ஜெபக்கூட்டம் எங்கே கூடிற்று? சாவு வீட்டிற்குச் சோறு பொங்கியவர் யார்? மாரியம்மன் திருவிழாவன்று கிறித்துவக் குடும்பம் எங்கே நின்றது? இவற்றை அறியாமல் சபை, ஐக்கியம் என்று எழுதுவது வெறுஞ்சொல்.

இன்று அங்கே வெளிநாட்டுத் தொழிலாளரும் கொழுந்து கொய்கின்றனர். பழைய லய வாழ்வை நினைவிற் கொண்ட முதியோர் குறைந்து வருகின்றனர். தமிழாசிரியர் ஒருவரும் குறிப்பேடு ஏந்திய மாணவர் நால்வரும் போதும். ஈப்போவிலிருந்து தானா ராத்தாவுக்குப் பேருந்து செல்கின்றது.