பேனா பிடிக்கட்டும் நம் பிள்ளைகள்!

சேலம், நாமக்கல் சமவெளியைப் பற்றி வெளியூர்க்காரரிடம் கேட்டுப் பாருங்கள். முட்டை என்பார். லாரி, ரிக் வண்டி, ஜவ்வரிசி, வெள்ளிக் கொலுசு என்பார். அதற்கடுத்து 'மார்க்' என்பார்! பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காக மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் விடுதிப் பள்ளிகள் ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்தில் பெருகின. கோழிப்பண்ணையோடு சேர்த்து 'பிராய்லர் பள்ளிகள்' என்று தமிழ்நாடே கேலி பேசியது.

அந்தக் கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு, இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகள் இருந்தன. அதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அது ரத்தும் ஆகிவிட்டது. உத்தரவுகள் வந்தன, போயின. உருப்போடும் பழக்கம் மட்டும் போகவில்லை. தமிழ்த் தாளில் வரும் கட்டுரையைக்கூட நோட்ஸிலிருந்து அப்படியே ஒப்பிக்கிறான் நம் பிள்ளை. மழையைப் பற்றி எழுது என்றால், தான் நனைந்த மழையை எழுதத் தெரியவில்லை!

இதில் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022-ல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்ற இதழ்களைத் தொடங்கியது. மாணவர்களின் படைப்புகளும் அவற்றில் இடம்பெறுகின்றன. அதே கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழாவில் கதை, கவிதைப் போட்டிகளும் உண்டு. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் 'தேன்சிட்டு' ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரைதான். பத்தாம் வகுப்பில் என்ன நடக்கிறது? பொதுத்தேர்வு வந்து கையிலிருக்கும் பேனாவைப் பிடுங்கிக் கொள்கிறது. சொந்தமாகச் சொல்ல ஏதாவது மனதில் ஊறத் தொடங்கும் வயதே அந்தப் பதினைந்து, பதினாறுதான்.

நம் சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேலம், நாமக்கல் பகுதியில் வீட்டில் உருது பேசும் குடும்பங்கள் கணிசம். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, மதரஸாவில் அரபு எழுத்து. 'எனக்குத் தமிழ் சரியாக எழுத வராது' என்று கூச்சப்பட்டே பலர் ஒதுங்கி விடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு வியாபாரியின் கதையைச் சொல்ல வேண்டும்.

தோப்பில் முஹம்மது மீரான் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தவர். பள்ளியில் அவர் படித்தது மலையாளம். மனதில் இருந்ததோ கடற்கரைத் தமிழ். மலையாள எழுத்தில் எழுதி, வேறொருவர் உதவியோடு தமிழ் எழுத்துக்கு மாற்றித்தான் தன் முதல் நாவலைக் கொண்டுவந்தார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988-ல் நூலானது. 1997-ல் 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு சாகித்திய அகாடமி விருது! மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து கணக்கு எழுதிய அதே கைதான் இலக்கியமும் எழுதியது.

மீரானுக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. இன்று அந்த வேலையைச் செல்போனே செய்கிறது. தமிழில் பேசினால் தமிழ் எழுத்தாக விழுகிறது. எழுத்துப் பிழையைத் திருத்திக் கொள்ளலாம். முதலில் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கட்டும். தட்டச்சு செய்ய விரும்புவோருக்கு 1999-ல் தரப்படுத்தப்பட்ட 'தமிழ்99' விசைப்பலகை இருக்கிறது. சில நாள் பழகினால் விரல் தானாக ஓடும்.

கணினியில் தமிழ் வருவதற்கே உழைத்தவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு என்பது எத்தனை இளைஞர்களுக்குத் தெரியும்? அதிராம்பட்டினத்து உமர்தம்பி! துபாயில் வேலை பார்த்தவர். 'தேனீ' யூனிகோடு எழுத்துருவை உருவாக்கி, காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தவர். 2006-ல் மறைந்தார். வெளிநாட்டில் சம்பாதித்து வீடு கட்டியவர்களின் பெயர் தெருவுக்குத் தெரியும். இவர் பெயரைக் கணினித் தமிழ் உலகம் அறியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, தலைப்பைக் கொடுத்தால் இயந்திரமே கட்டுரை எழுதித் தந்துவிடுகிறது. நோட்ஸைப் பார்த்து எழுதுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பேசியதை எழுத்தாக்கும் கருவி உதவியாளன். பேச வேண்டியதையே தானாகச் சொல்லிவிடும் கருவி, பிள்ளையின் வாயை அடைக்கிறது. இந்த வேறுபாட்டை ஆசிரியர்கள் முதல் நாளே புரிய வைக்க வேண்டும்.

'இதெல்லாம் நம்ம ஊரில் நடக்குமா?' என்று கேட்பவர்கள் நாமக்கல்லையே பார்க்கட்டும். அங்குள்ள அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த எழுத்தாளர் பெருமாள்முருகன், தன் வீட்டிலேயே 'கூடு' என்ற பெயரில் மாணவர்களைக் கூட்டி, எழுதியதை வாசிக்கச் செய்தார். அங்கே வாசித்த கட்டுரைகளிலிருந்து 2013-ல் 'சாதியும் நானும்' என்ற நூல் வந்தது. எழுதிய முப்பதுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் அவரிடம் படித்த மாணவர்கள், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். தாங்கள் பட்டதை எழுதினார்கள், புத்தகமாகிவிட்டது. பின்னர் அது ஆங்கிலத்துக்கும் போனது. மொட்டை மாடியும் கேட்க நான்கு பேரும் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் தயங்குவது நமக்குத் தெரியும். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றதில்லை. சிறு வயதிலேயே பா. தாவூத் ஷாவின் 'தாருல் இஸ்லாம்' இதழில் எழுதத் தொடங்கினார். 1938-ல் அவருடைய 'காதலா? கடமையா?' நாவலுக்கு உ.வே.சாமிநாதையர் முன்னுரை தந்தார். அந்தக் காலத்திலேயே அது முடிந்தது. இன்று பயம் வேறு விதம். அது நியாயமான பயம். எனவே இணையத்தில் வெளியிடும்போது படமும் செல்போன் எண்ணும் வேண்டாம். புனைபெயரும் வகுப்பும் போதும். கணக்கை ஆசிரியரோ பெற்றோரோ வைத்துக்கொள்ளட்டும். அமேசான் கிண்டிலில் புத்தகம் வெளியிடும் கணக்கும் பதினெட்டு வயது நிரம்பியவர் பெயரில்தான் இருக்க வேண்டும்.

அச்சுக்கும் பெரிய செலவில்லை. நூறு பிரதி மட்டும் அடித்துக் கொடுக்கும் டிஜிட்டல் அச்சகங்கள் வந்துவிட்டன. நூலுக்கான ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசு நிறுவனம் இலவசமாகவே தருகிறது. மஹல்லாவில் உள்ள பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி வேறுபாடின்றி வாரம் ஒரு மாலை கூட்ட, ஜமாஅத் ஓர் அறையைத் திறந்துவிட்டால் போதும். எழுதியதை வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். நன்றாக வந்தவற்றைத் தொகுத்து வருடம் ஒரு புத்தகம். சேலத்திலும் நாமக்கல்லிலும் இப்போது புத்தகத் திருவிழாக்கள் நடக்கின்றன. அங்கே கொண்டுபோய் வைக்கலாம். இதைப் பிற சமயப் பிள்ளைகளுக்கும் திறந்து வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் கவி கா.மு.ஷெரீப் பாட்டெழுதியபோது யாரும் சமயம் கேட்டுக் கொண்டிருக்கவில்லை.

வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் கடையின் பெயர் போட்டு நாட்காட்டி அடித்துக் கொடுக்கிறீர்கள். அதில் ஒரு பங்கை ஒதுக்கி, உங்கள் தெருப் பிள்ளைகளின் புத்தகத்தை அச்சிட்டுக் கொடுங்கள். பின்னட்டையில் கடையின் பெயர் வரட்டும், தப்பில்லை. சிவகாசியில் ஆடிப்பெருக்கன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளிவந்துவிடும். ஆர்டர் கொடுக்கப் போவதற்கு முன், பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியரை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.