ஒரு பந்தை வைத்து ஓர் ஆளை எடை போடலாமா?



கால்பந்து ஆட அணி பிரிக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? 'நான் ஃபார்வர்டு!', 'நான் சென்டர்!' என்று ஆளாளுக்குக் குரல் கொடுப்பார்கள். 'நான் கோல் கீப்பர்!' என்று முந்திக்கொண்டு கை தூக்குபவர் எத்தனை பேர்? பெரும்பாலும், கடைசியில் மிச்சமாக நிற்கும் பிள்ளையைத்தான், 'நீ போய் கோலில் நில்லு' என்று அனுப்பி வைப்பார்கள். ஒரு கோல் விழுந்துவிட்டால் போதும்... அதே பிள்ளையைப் பத்துப் பேரும் சேர்ந்து திட்டுவார்கள்!

இது நியாயமா? நியாயமே இல்லை என்பது என் கட்சி. என் பக்கம் சாட்சி சொல்ல ஒருவரை ஐரோப்பாவிலிருந்து அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் மார்ட்டின் டூப்ராவ்கா. ஸ்லோவாக்கியா நாட்டின் கோல் கீப்பர். அவர் கதையைக் கேட்டுவிட்டு, தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

கோல் கீப்பரின் கணக்கு

முதலில் அந்த வேலை எவ்வளவு கடினமானது என்று பாருங்கள். கோல் கம்பங்களுக்கு நடுவே உள்ள அகலம் 7.32 மீட்டர். அதாவது 24 அடி. உயரம் 2.44 மீட்டர். அதாவது 8 அடி. இந்த இடம் முழுவதையும் ஒரே ஓர் ஆள் காக்க வேண்டும். பெனால்டி என்றால், வெறும் 11 மீட்டர் தூரத்திலிருந்து பந்து பாய்ந்து வரும். எந்தப் பக்கம் வரும் என்று யோசித்து முடிப்பதற்குள் பந்து வலைக்குள் போய்விடும்!

இன்னொன்றும் உண்டு. கோல் அடிக்கப் போகும் வீரர் ஐந்து முறை தவற விட்டு, ஆறாவது முறை அடித்துவிட்டால் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். தவற விட்ட ஐந்தும் மறந்து போகும். கோல் கீப்பருக்கு இந்தக் கணக்குத் தலைகீழ். பத்துப் பந்துகளைத் தடுத்து, பதினோராவது பந்தை விட்டுவிட்டால், அந்தப் பதினோராவது பந்து மட்டும்தான் எல்லோர் நினைவிலும் நிற்கும்!

சின்ன நாட்டுப் பையன்

டூப்ராவ்கா 1989-ம் ஆண்டு ஷிலினா என்ற ஊரில் பிறந்தார். அப்போது ஸ்லோவாக்கியா தனி நாடு கிடையாது. செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியாக இருந்தது. 1993-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதிதான் அது தனி நாடானது. மக்கள் தொகை சுமார் 54 லட்சம். சின்ன நாடு!

சொந்த ஊர் கிளப்பான ஷிலினாவில்தான் அவர் ஆட ஆரம்பித்தார். 2010-ம் ஆண்டு அந்த கிளப் ஐரோப்பாவின் மிகப் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் நுழைந்தது. ஊரே கொண்டாடியது. ஆனால் மோத வேண்டியிருந்தது செல்சி, மார்செய், ஸ்பார்ட்டக் மாஸ்கோ போன்ற பெரிய அணிகளுடன். ஆடிய ஆறு போட்டிகளிலும் தோல்வி! அடித்தது 3 கோல், வாங்கியது 19 கோல். அதில் ஒரு போட்டியில், சொந்த மைதானத்திலேயே 7-0 என்று தோற்றார்கள்.

இத்துடன் போதும் என்று டூப்ராவ்கா கையுறையைக் கழற்றி வைக்கவில்லை. 2014-ல் டென்மார்க்கின் எஸ்பியர் கிளப்புக்குப் போனார். பிறகு செக் நாட்டில் லிபெரெக், அடுத்து தலைநகர் பிராகாவில் உள்ள ஸ்பார்ட்டா. 2018-ம் ஆண்டு ஜனவரியில், தன் 29-வது வயதில், இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் அணிக்கு வந்தார். அதுவும் நிரந்தரமாக இல்லை. 'லோன்' என்பார்கள். நாம் நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல, ஓர் அணி இன்னோர் அணியிடமிருந்து வீரரைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கிக்கொள்வது!

அப்போது நியூகாசில் பட்டியலின் கீழ்ப் பகுதியில் தத்தளித்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி 11-ம் தேதி டூப்ராவ்கா அந்த அணிக்காக முதன்முதலாகக் களம் இறங்கினார். எதிரே மான்செஸ்டர் யுனைடெட்! ஒரு கோல்கூட விடவில்லை. நியூகாசில் 1-0 என்று வென்றது. சீசன் முடியும்போது 10-வது இடத்துக்கு ஏறி வந்துவிட்டது. அந்த ஆண்டே கிளப் அவரை நிரந்தரமாக வாங்கிக்கொண்டது. அடுத்த இரண்டு சீசன்களில் மொத்தம் 76 லீக் போட்டிகள். ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றிலும் டூப்ராவ்காதான் கோல் கீப்பர்.

செவில்லில் ஒரு நாள்

இப்போது அந்த ஒரு பந்துக்கு வருவோம்.

2021-ம் ஆண்டு ஜூன் 23. ஸ்பெயின் நாட்டின் செவில் நகரம். ஐரோப்பியக் கோப்பையில் ஸ்லோவாக்கியாவும் ஸ்பெயினும் மோதின. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஸ்பெயினுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. மொராட்டா அடித்தார். டூப்ராவ்கா பாய்ந்து தடுத்தார்! ஸ்லோவாக்கியா ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள்.

30-வது நிமிடம். ஸ்பெயின் வீரர் சரபியா ஓங்கி அடித்த பந்து, கோலின் மேல் கம்பத்தில் மோதி, வானத்தை நோக்கி உயரே எழும்பியது. அது இறங்கி வரும்போது, கம்பத்துக்கு மேலாக வெளியே தள்ளிவிட டூப்ராவ்கா எம்பிக் குதித்தார். ஆனால் கை பட்ட பந்து வெளியே போகவில்லை. பின்பக்கமாக, அவருடைய வலைக்குள்ளேயே விழுந்துவிட்டது! நீங்கள் சொல்வீர்களே 'சேம் சைடு கோல்' என்று... அதேதான். அன்று ஸ்லோவாக்கியா 5-0 என்று தோற்றுப் போட்டியிலிருந்தே வெளியேறியது.

அந்த ஒரு காட்சி உலகம் முழுக்கத் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஓடியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். அதே ஆட்டத்தில் அவர் தடுத்த பெனால்டி எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது, சொல்லுங்கள்?

அதன் பிறகு...

அந்தக் கோல் விழுந்த பிறகும் ஆட்டத்தில் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு ஓட முடியாது. அதே இடத்தில், அதே கம்பங்களுக்கு நடுவே நின்றாக வேண்டும். டூப்ராவ்கா கடைசி விசில் வரை நின்றார். என்னைக் கேட்டால், பெனால்டியைத் தடுத்ததைவிட இது பெரிய காரியம்!

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 ஜூன் 17-ம் தேதி, அடுத்த ஐரோப்பியக் கோப்பை. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஸ்லோவாக்கியா பலம் வாய்ந்த பெல்ஜியத்தைச் சந்தித்தது. ஸ்லோவாக்கியா ஒரு கோல் அடித்தது. பெல்ஜியம் எவ்வளவோ முயன்றும் ஒரு கோல்கூடக் கணக்கில் சேரவில்லை. 1-0 என்று சின்ன நாடு ஜெயித்தது! கோலில் நின்றவர் யார் தெரியுமா? அதே டூப்ராவ்காதான். அந்தப் போட்டித் தொடரில் ஸ்லோவாக்கியா கடைசி 16 அணிகளில் ஒன்றாக வந்தது. இங்கிலாந்தையே 90 நிமிடம் தாண்டும் வரை 1-0 என்று பின்தங்க வைத்தது. கூடுதலாகக் கொடுத்த நேரத்தில் பெல்லிங்காம் கோல் அடித்துச் சமன் செய்ய, கடைசியில் இங்கிலாந்து 2-1 என்று தப்பித்தது.

கிளப்பிலும் அவர் பாதை சுலபமாக இல்லை. 2022-ல் நியூகாசில் நிக் போப் என்ற இன்னொரு கோல் கீப்பரை வாங்கியது. முதல் இடத்தில் இருந்தவர் காத்திருக்கும் பெஞ்சுக்குப் போனார். ஆனாலும் பயிற்சியை விடவில்லை. போப்புக்குக் காயம் பட்டபோது மீண்டும் கூப்பிட்டார்கள். 2024 ஜனவரி 1-ம் தேதி லிவர்பூலுடன் நடந்த ஆட்டத்தில் பத்துப் பந்துகளைத் தடுத்தார். சலா அடித்த ஒரு பெனால்டியும் அதில் அடக்கம். அப்படியும் நியூகாசில் 4-2 என்று தோற்றது. இதுதான் கோல் கீப்பரின் தலையெழுத்து!

2025-ல் லீக் கோப்பை அரையிறுதி. ஆர்சனல் அணியுடன் இரண்டு ஆட்டங்கள். இரண்டிலும் டூப்ராவ்கா கோலில் நின்றார்; இரண்டிலும் ஒரு கோல்கூட விடவில்லை. இறுதிப் போட்டிக்குள் போப் குணமாகித் திரும்பிவிட்டார். கோப்பையை நியூகாசில் வென்றது. 1955-க்குப் பிறகு, 70 ஆண்டுகள் காத்திருந்து, அந்த அணி வென்ற முதல் உள்நாட்டுக் கோப்பை அது. இறுதிப் போட்டியில் ஆடியவர் போப். ஆனால் இறுதிப் போட்டி வரை கதவைக் காத்துக் கொடுத்தவர் டூப்ராவ்கா அல்லவா? அந்த ஆண்டே, 36 வயதில், பர்ன்லி அணிக்குப் போய் அங்கும் கோலில் நின்றார்.

இதே நாட்டில் இன்னொருவர்

டூப்ராவ்கா பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, ஸ்லோவாக்கியக் கோல் கீப்பர் ஒருவருக்கு இதே போல நடந்தது. அவர் பெயர் விலியம் ஷ்ரோய்ஃப். பிராட்டிஸ்லாவா நகரின் ஸ்லோவன் கிளப்பின் புகழ்பெற்ற வீரர்.

1962-ல் சிலி நாட்டில் உலகக் கோப்பை. செக்கோஸ்லோவாக்கியாவின் கோல் கீப்பராக ஷ்ரோய்ஃப் போனார். இறுதிப் போட்டிக்கு முன் ஐந்து ஆட்டங்கள். அவற்றில் மூன்றில், ஸ்பெயின், பிரேசில், ஹங்கேரி என்ற மூன்று பலசாலி அணிகளுக்கும் ஒரு கோல்கூடக் கொடுக்கவில்லை! அவர் இல்லாவிட்டால் அந்த அணி இறுதிப் போட்டியை எட்டியிருக்கவே முடியாது.

ஜூன் 17. சாண்டியாகோ நகரில் இறுதிப் போட்டி. மறுபடியும் பிரேசில். முதல் கோலை அடித்தது செக்கோஸ்லோவாக்கியாதான். ஆனால் பிரேசில் மூன்று கோல்களைத் திருப்பி அடித்தது. மூன்றாவது கோல்தான் வேதனை. சூரிய வெளிச்சத்திலிருந்து உயரமாக இறங்கி வந்த பந்து ஷ்ரோய்ஃபின் கையிலிருந்து நழுவியது. வாவா அதை வலைக்குள் தள்ளிவிட்டார். 3-1 என்று தோல்வி.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அடி சறுக்கியது என்பதற்காக யானை, யானை இல்லை என்று ஆகிவிடுமா? நழுவிய அந்தப் பந்தைப் பற்றி இன்றும் எழுதுகிறார்கள். மூன்று ஆட்டங்களில் கதவைச் சாத்தி வைத்த கைகளும் அதே கைகள்தானே?

தவறைச் சொல்லவே கூடாதா?

'தப்பு செய்தால் சொல்ல வேண்டாமா ஐயா?' என்று உங்களில் ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. நல்ல கேள்வி!

தவறைச் சொல்லத்தான் வேண்டும். 'பந்து இறங்கும்போது ஓரடி பின்னால் போயிருக்கலாம்' என்று பயிற்சியாளர் சொன்னால், அதைக் கேட்டுத்தான் வீரர் முன்னேறுவார். அது தவறைப் பற்றிய பேச்சு. 'நீ ஒன்றுக்கும் உதவாதவன்' என்று சொன்னால்? அது ஆளைப் பற்றிய பேச்சு. முதலாவது திருத்தும். இரண்டாவது உடைக்கும்.

இந்தக் கோல் கீப்பர் கணக்கை நாம் மைதானத்தோடு விட்டுவிடுகிறோமா? 96 மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளையிடம், 'அந்த 4 எங்கே போச்சு?' என்று கேட்கும் வீடுகள் உண்டு. ஆண்டு விழாவில் ஒரு வரியை மறந்துவிட்ட பிள்ளைக்கு, அதையே பட்டப் பெயராக வைத்து வருடக் கணக்கில் கூப்பிடும் வகுப்புகளும் உண்டு. பல ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவன் என்பதால் சொல்கிறேன்... அப்படிக் கூப்பிடப்பட்ட பிள்ளை அடுத்த முறை மேடை ஏறுவதே இல்லை. நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு மட்டுமா? ஒரு நல்ல குரலைக் கேட்காமல் போன நமக்கும்தான்.

தவறு செய்துவிட்ட பிள்ளைக்கும் ஒரு வார்த்தை. டூப்ராவ்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். விழுந்த கோலை யாராலும் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் அடுத்த பந்து வந்துகொண்டே இருக்கிறது. அதைப் பிடிக்க ஆள் நின்றாக வேண்டும். அழுகை வந்தால் அழுங்கள், தப்பில்லை. ஆனால் கம்பங்களுக்கு நடுவிலிருந்து மட்டும் நகர்ந்துவிடாதீர்கள்!

நாளை மாலை மைதானத்துக்குப் போகும்போது மூன்று காரியம் செய்து பாருங்கள். ஒன்று: கோலில் ஒரே பிள்ளையை நிறுத்தாமல், ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து நில்லுங்கள். நின்று பார்த்தால்தான் அந்த 24 அடி எவ்வளவு அகலம் என்று தெரியும்! இரண்டு: கோல் கீப்பர் ஒரு பந்தைத் தடுத்தால், கோல் அடித்தவருக்குத் தட்டுவது போலவே கை தட்டுங்கள். மூன்று: கோல் விழுந்துவிட்டால், திட்டுவதற்கு முன் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தப் பந்து கோல் கீப்பரிடம் வருவதற்கு முன், உங்கள் பத்துப் பேரையும் தாண்டித்தானே வந்தது?

இப்போது சொல்லுங்கள், உங்கள் தீர்ப்பு என்ன?