வடக்கே ஒரு தீவு இருக்கிறது

"கல்விச் சுற்றுலா" என்ற அறிவிப்பு பலகையில் ஏறியதும் வகுப்பறையில் மூன்று பெயர்கள் எழும்: உதகை, கொடைக்கானல், மூணாறு. அவற்றின் அழகைக் குறைத்துப் பேச நான் எழுதவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அந்த மலைப் பேருந்தில் நம் வகுப்பில் எத்தனை பேர் ஏறுகிறார்கள்? காசிமேட்டில் ஐஸ் கட்டி சுமப்பவரின் மகனும், தண்டையார்பேட்டையில் இட்லிக்கடை நடத்தும் அம்மாவின் மகளும் "வீட்டில் வேலை இருக்கிறது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லை. பணம் இல்லை, அவ்வளவுதான். பாதி வகுப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகும் பயணத்திற்குக் கல்விச் சுற்றுலா என்ற பெயர் தகுமா?

ஆகவே, ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். இவ்வாண்டு நம் பயணம் வடக்கே போகட்டும்! கல்மண்டபத்தில் காலையில் புறப்பட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வீடு திரும்பும் தொலைவில் ஒரு தீவு இருக்கிறது. அதையடுத்து நானூறு ஆண்டுப் பழமையுள்ள ஓர் ஊரும் இருக்கிறது.

பயணத்தின் முதல் பாடம் இரயில் ஏறும் இடத்திலேயே தொடங்கிவிடும். இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் வண்டி அவ்வாண்டு ஜூலை முதல் நாள் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. இந்தியாவின் முதல் பயணிகள் வண்டி 1853இல் பம்பாயில் ஓடியது உண்மை. ஆனால் அந்தத் தொடக்ககால நிலையக் கட்டடம் இன்றில்லை. இராயபுரத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன. நாள்தோறும் அவற்றைக் கடந்து கல்லூரிக்கு வருகிறோம். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தோமா?

கும்மிடிப்பூண்டி வண்டியில் ஏறி மீஞ்சூரில் இறங்கினால் காட்டுப்பள்ளிக்குச் சாலை செல்கிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், தெற்கே எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காட்டு நீர்ப்பரப்பு. நாற்புறமும் நீர் சூழ்ந்த இம்மணல் திட்டு, நிலநூல் இலக்கணப்படி ஒரு தீவு. ஒரு பக்கம் வலை உலர்த்தும் குப்பங்கள். மறு பக்கம் வானை முட்டும் பாரந்தூக்கிகள். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குப் பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் தம் கடற்கரையை விட்டு இடம் மாற வேண்டியதாயிற்று. துறைமுகத்தை மேலும் விரிவாக்கும் திட்டம் வந்தபோது, கடல் அரிப்பு பெருகும், மீன்வளம் குன்றும் என்று சுற்றுவட்டக் குப்பங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகமெங்கும் படர்ந்ததை நாம் அறிவோம். பொருளாதார வகுப்பில் "வளர்ச்சி" என்று எழுதுகிறோம். அதன் வரவையும் செலவையும் ஒரே மணலில் நின்று பார்க்கக்கூடிய இடம் இதைவிட வேறு எது?

அடுத்து, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. டச்சு வணிகர் இங்கே 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுதான். இங்கிருந்து போன துணி மலாய் நாட்டில் இன்றும் "காயின் பெலிக்கட்" என்று இவ்வூர்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோட்டை இன்று மண்மேடும் புதரும்தான். ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், வாசலில் செதுக்கிய எலும்புக்கூட்டு உருவங்களையும், டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும் பொறித்த பதினேழாம் நூற்றாண்டுக் கற்களையும் காணலாம்.

அக்கற்களின் முன் நிற்கும்போது இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே நூற்றாண்டில், பஞ்சத்தில் விற்கப்பட்ட நம் மக்களை இத்துறையிலிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். வணிகனுக்குக் கல்லறை உண்டு. கப்பலில் போன கூலிக்குக் கல் ஏது? பெயர் பொறிக்கப்படாதவர்களின் வரலாற்றை எழுத வேண்டியவர்கள் யார்? அவர்களின் வழிவந்த நாம் எழுதாவிட்டால் வேறு எவர் எழுதுவார்?

மத்தியதரைக் கடலில் மால்டா என்றொரு சிறு நாடு உண்டு. பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். அங்குள்ள மீனவர் தம் படகின் முகப்பில் இரண்டு கண்களைத் தீட்டி வைப்பர். அதன் தலைநகரான வல்லெட்டாவை 1980இலேயே யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கைப்பேசியில் அப்படங்களைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோம். மால்டா மக்கள் தங்கள் கல்லைப் போற்றினார்கள். அதனால் உலகம் அங்கே போகிறது. நம் கல்லை நாமே பார்க்கப் போகாதபோது உலகம் ஏன் வரும்?

"இடிந்த கல்லறையையும் துறைமுகப் புழுதியையும் பார்க்கவா சுற்றுலா?" என்று சில நண்பர்கள் சிரிக்கக்கூடும். "வட சென்னையா?" என்று பிறர் முகம் சுளிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறதல்லவா? அதே சுளிப்பை நாமே நம் மண்ணின் மேல் காட்டலாமா? புழுதி இருக்கிறது, மறுக்கவில்லை. அப்புழுதிக்குள் வாழ்பவர்களும் நாம்தாம். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்குத்தான் முதலில் உண்டு.

ஓர் எச்சரிக்கையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2011ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். ஆதலால் நம் பயணத்தில் படகுச் சவாரி வேண்டாம். கரையில் நின்று பார்க்கவே ஒரு நாள் போதாது.

செய்ய வேண்டியது எளிது. வரலாற்றுத் துறை கல்லறையை விளக்கட்டும். விலங்கியல் துறை ஏரியின் நாரைகளையும் நண்டுகளையும் காட்டட்டும். பொருளாதாரத் துறை குப்பத்து மீனவரிடம் கணக்குக் கேட்கட்டும். தமிழ்த் துறை அவர்கள் வாய்ச்சொற்களைக் குறித்துக்கொள்ளட்டும். இரயில் கட்டணமும் பேருந்துக் கட்டணமும் கட்டுச்சோறும்தான் செலவு. எழுதிக் கொணர்ந்தவற்றை அடுத்த ஆண்டு மலரில் வெளியிட்டால், அம்மலர் நம் வட்டாரத்தின் வரலாற்று ஏடாகவே விளங்கும்.

மலைகள் எங்கும் போய்விடா. சம்பாதிக்கும் காலத்தில் போய்ப் பார்ப்போம். மணல் திட்டும் குப்பமும் அப்படிக் காத்திருக்குமென்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இராயபுரம் நிலையத்தில் வடக்கே போகும் வண்டி நிற்கிறது. இம்முறை அதில் வகுப்பு முழுவதும் ஏறட்டும்!