வாழைத்தண்டு எல்லாருக்கும் ஒத்துக்காது!

"மாமனாருக்குக் கிட்னி பழுது என்று தெரிந்ததிலிருந்து தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறு, மாலையில் இளநீர் என்று கொடுத்து வந்தேன். ரத்தத்தைச் சோதித்த டாக்டர், 'யாரம்மா இதையெல்லாம் கொடுக்கச் சொன்னது?' என்று கோபித்துக் கொண்டார். நல்லதென்று நினைத்துத்தானே செய்தேன்?" என்று ஒரு சகோதரி கலங்கிப் போய் எழுதியிருக்கிறார்.

வருத்தப்படாதீங்கம்மா. நம்மில் பலர் செய்கிற தவறுதான் இது. சிறுநீரகத்தில் கல் என்பது வேறு. சிறுநீரகமே பழுதாவது வேறு. கல்லுக்குச் சொன்ன கைவைத்தியத்தை இதற்கும் செய்துவிடுகிறோம்.

காய்கறிகளில் பொட்டாசியம் என்ற சத்து இருக்கிறது. நமக்கு அது நல்லதுதான். மிஞ்சினதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டிய அளவு ரொம்ப ஏறினால், இதயத் துடிப்பே தடுமாறி உயிருக்கு ஆபத்தாகலாம். முன்கூட்டி ஓர் அறிகுறியும் தெரியாமலே இது வரலாம். டாக்டரின் கோபம் அதனால்தான்.

சரி, என்ன காய் வாங்குவது?

சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காய், சௌசௌ, முட்டைக்கோஸ் இவற்றில் பொட்டாசியம் குறைவு. 100 கிராம் சுரைக்காயில் சுமார் 150 மில்லிகிராம்தான். அதே எடை உருளைக்கிழங்கில் 400-க்கும் மேல்! சேனை, சேம்பு, மரவள்ளி, வாழைக்காய், தக்காளி, பசலை, முருங்கைக்கீரை எல்லாம் அளவு பார்த்துச் சேர்க்க வேண்டியவை.

"கிழங்கு இல்லாமல் சோறே இறங்காது" என்று பெரியவர் அடம் பிடித்தால் ஒரு வழி இருக்கிறது. தோல் சீவி, சின்னச் சின்னதாக நறுக்கி, காயைப் போல் பத்து மடங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறப் போடுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் நிறைய வைத்து வேகவிட்டு, அதையும் வடித்துவிடுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும், முழுக்கப் போகாது. அதனால் என்றைக்காவது கொஞ்சமாக வைக்கலாம். வடித்த தண்ணீரைச் 'சத்து வீணாகிறதே' என்று ரசத்தில் ஊற்றிவிடாதீர்கள்! குக்கரில் சாம்பாரோடு சேர்த்து வேகவைத்தால் எல்லாம் குழம்பிலேயே தங்கிவிடும். ஆகவே அவர் பங்குக் காயைத் தனியாக வேகவைத்து வடித்துத் தாளித்துக் கொடுங்கள். மற்றவர்களுக்கு இந்தப் பத்தியம் வேண்டாம்.

உப்பிலும் கவனம் தேவை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்புகள் பலவற்றில் அதற்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் சேர்த்திருப்பார்கள். டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள். ஊறுகாய், அப்பளத்தை ஒதுக்குங்கள்.

இன்னொன்று. சிறுநீரகக் கோளாறு உள்ள எல்லாருக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. பொட்டாசியம் சரியாக இருப்பவர்களுக்கு வீணாகக் காயைக் குறைத்தால் உடம்புதான் இளைக்கும். "பொட்டாசியம் எவ்வளவு? எந்தக் காய் கொடுக்கலாம்? தண்ணீர் எவ்வளவு?" என்று ஒவ்வொரு தடவை ரிப்போர்ட் வரும்போதும் கேளுங்கள். மருந்து மாற்றினாலும் கேளுங்கள்.

சகோதரி, சாற்றையும் இளநீரையும் இன்றோடு நிறுத்திவிட்டு, மாமனாருக்குப் பீர்க்கங்காய்க் கூட்டு செய்து கொடுங்கள். உங்கள் அன்பில் குறையே இல்லை. கொடுத்த பொருள்தான் மாறிப்போய்விட்டது.