வீட்டின் கணக்கையும் கேட்போம்

கொழுந்து நிறுக்கும்போது தராசு முள்ளை விட்டு நம் கண் அசைவதில்லை. இரண்டு கிலோ கழித்தால் அங்கேயே சண்டை. ஆனால் நமக்கென்று கட்டும் வீட்டுக்கு எத்தனை மூடை சீமெந்து என்று கேட்டால், "இனாம் வீட்டுக்குக் கணக்கா?" என்கிறார்கள். இனாம் அல்ல, தோழர்களே. நான்கு தலைமுறை உழைப்பு அது.

2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகளை அறிவித்தார். அதில் 1,300 வீடுகளுக்கு 2024 பெப்ரவரியில்தான் அடிக்கல் விழுந்தது. வீடொன்றுக்கு 28 இலட்சம் ரூபாய். அன்று லயத்தில் பிறந்த பிள்ளை இன்று எங்கள் வகுப்பில் இருக்கிறது.

வடக்கில் முதல் 1,000 வீடுகளை நிறுவனம் கட்டிக் கொடுத்தது. 2012 ஒக்டோபரில் முறை மாறியது. பயனாளியின் வங்கிக் கணக்குக்கே தவணை தவணையாகப் பணம் வந்தது, வீட்டுக்காரரே நின்று கட்டினார். திம்புள்ளையில் அதை அப்படியே செய்ய முடியாது. வீட்டு வேலையைப் பார்க்க நின்றால் அன்றைய பேர் போய்விடும். சரிவில் கல்லும் மணலும் ஏற்றும் கூலியே தனிச் செலவு. ஆகவே கொந்தராத்து முறை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

டெண்டரில் குறைந்த விலை போட்டவருக்கே வேலை என்றால் என்ன நடக்கும்? அணைச்சுவரும் கானும் பாதையும் கணக்கில் விடுபடும். பாதியில் "மேலதிக வேலை" என்று பில் வரும், அல்லது வேலை நிற்கும். மண்சரிவு மலையில் அணைச்சுவர் இல்லாத வீடு வீடா?

நாம் கேட்பது இதுதான். வீடு, அணைச்சுவர், கான், தண்ணீர், பாதை எல்லாம் ஒரே கேள்விப்பத்திரத்தில் வரவேண்டும். பொருள் அளவுப் பட்டியல் தமிழில் வேலைத்தளத்தில் தொங்கவேண்டும். கடைசித் தவணைக்கு முன் அங்கே குடியேறுபவர்களின் கையொப்பமும் வேண்டும், குறிப்பாகப் பெண்களின் கையொப்பம். கூரை ஒழுகினால் வாளி வைக்கப்போவது அவர்கள்தானே! ஒரு மழைக்காலம் பார்த்த பிறகே நிறுத்தி வைத்த பணத்தை விடுவிக்கவேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்த ஒப்பந்தங்களைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அதிகாரி முடிவு சொல்லவேண்டும். எழுத உதவி வேண்டியவர்கள் மாலையில் பாடசாலைக்கு வாருங்கள். பதில் சிங்களத்தில் வந்தாலும் கொண்டுவாருங்கள், வாசித்துச் சொல்கிறோம்.