எழுந்திருடா சிங்கம்!

வண்டலூர் போய்விட்டு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெள்ளைப் புலி, நீர்யானை என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். சிங்கவால் குரங்கை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் கிடையாது சார் அது! முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரியோடு, நம் லீவு லெட்டரைப் படிக்கிற ஹெட் கிளார்க் மாதிரி ஒரு பார்வை பார்க்கும்.

ஆனாலும் என் ஓட்டு சிங்கத்துக்குத்தான். முன்னெல்லாம் அதன்மேல் எனக்கு ஏகக் கடுப்பு. 602 ஹெக்டேரில் கால் கடுக்க நடந்து, சஃபாரி வேனில் இடம் பிடித்துப் போனால், ஐயா மரத்தடியில் மல்லாந்து கிடப்பார். "எழுந்திருடா, காசு குடுத்திருக்கோம்!" என்று நானே கத்தியிருக்கிறேன். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம்கூடத் தூங்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. (நானும் ஆபீஸில்... வேண்டாம், மேனேஜர் இந்தப் பத்திரிகை படிக்கிறவர்.)

2021 ஜூன். லாக்டவுனில் பூங்காவே பூட்டிக் கிடந்தது. நீலா என்ற 9 வயசுப் பெண் சிங்கம் கொரோனாவில் போய்விட்டது. அதே மாசம் ஒரு ஆண் சிங்கமும். சோதித்ததில் டெல்டா வகை என்றார்கள். ஊர் சுற்றி வாங்கி வந்த வியாதியா அது? இருந்த இடத்தை விட்டு அவை எங்கே நகர்ந்தன?

அடுத்த தடவை போனபோது, அகழிக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்கம் வழக்கம்போலத் தூக்கம். பக்கத்தில் ஒரு பையன் விசிலடிக்க வாயில் விரலை வைத்தான்.

"விடு தம்பி" என்றேன்.

அதன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றேன்.